சங்கீதத்தின் ஓரத்தில் ஒரு பெயர்

குஞ்சம்மா அக்காவுக்கு எழுபத்து நான்கு வயது. மலாக்கா கடலோரத்து உம்பாயிலிருந்து இரண்டு பஸ் மாறி, பத்து பெரண்டாம் என்ற ஊரில் இருக்கும் என் அக்கா யோகத்தின் வீட்டுக்கு அவர் வந்தபோது மணி பத்துகூட ஆகவில்லை. கையில் ஒரு பை நிறைய மீன்.

“ஐஸ் உருகிடுச்சுலா. முதல்ல பிரிட்ஜுல வைங்க யோகக்கா. வெட்டிக் கழுவிட்டேன். நீங்க கை வைக்க வேணாம், வச்சா மீன் கெட்டுடும்.”

“வந்த உடனயே தொடங்கியாச்சு,” என்றாள் அக்கா.

நான் ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குத் திரும்ப நான்கு நாள் இருந்தது. அப்பாவின் பைபிளை இந்த முறை நான் எடுத்துப் போவதென்று முடிவாகியிருந்தது. பெட்டியில் வைத்தால் எறிவார்களோ, கையில் வைத்தால் மறந்துவிடுவேனோ என்று இரண்டு நாளாக அதைத் துண்டில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தேன். அப்போதும் மேசைமேல் துண்டுக்குள்தான் கிடந்தது. குஞ்சம்மா அக்கா அதைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

“பைபிளு போகப் போகுதுன்னு யோகக்கா போன்ல சொன்னாங்க. போறதுக்கு முன்னால ஒரு தடவ பாத்துடணும் ஜனகா. எங்கம்மா பேரு அதுல இருக்கான்னு.”

அவருக்குத் தன் தாயின் பெயர் தெரியாது. ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் எங்கள் அப்பா ஆனந்தராஜா டிரசராக இருந்தார். தோட்டத்து ஆஸ்பத்திரியை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்கிற வேலை. அங்கிருந்துதான் பிறந்த குழந்தையாக குஞ்சம்மா அக்காவை வீட்டுக்குத் தூக்கி வந்தார். தாய் செத்துப்போனாள், தகப்பன் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டான். வீட்டில் சொன்னது அவ்வளவுதான். மகளா, வேலைக்கு வைத்துக்கொண்ட பிள்ளையா என்று யாரும் விளக்கியதில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. பிறகு என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தார். பத்தொன்பது வயதில், படகு இன்ஜின் பழுதுபார்க்கும் சாமிக்கண்ணுவுக்கு அப்பாவே கட்டிக் கொடுத்தார். கணவர் இறந்தபின் உம்பாயில் மீன் சுட்டு விற்கும் கடையொன்றில் முப்பது வருஷம் செதில் சுரண்டி இரண்டு மகன்களை ஆளாக்கினார். இன்றும் சனி ஞாயிறு கடைக்குப் போகிறார். கத்தி பிடிக்காவிட்டால் கை வலிக்கிறதாம்.

“இந்த வயசில பேர் தெரிஞ்சு என்ன செய்யப் போறாய் குஞ்சு?” என்று யோகம் கேட்டாள்.

“தீவாளிக்கு மொத நாளு படையல் போடுவேன்ல. செத்தவங்கள பேரு சொல்லிக் கூப்பிடணும். ‘யோவ் சாமிக்கண்ணு, வந்து தின்னுட்டுப் போ’ன்னு எங்க வூட்டுக்காரரக் கூப்பிட்டுடுவேன். பக்கத்து எலைக்கு என்னான்னு கூப்பிடுறது? வெறும் ‘அம்மா’ன்னா, செத்துப்போன அம்மா பூராவும் வந்து நிக்க மாட்டாங்களா?”

யோகம் சிரித்துவிட்டாள். “அப்பாட்டயே கேட்டிருக்கலாமே.”

“ஒரு தடவ கேட்டேன். கல்யாணத்துக்கு மொத நாளு. அய்யா எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. அப்புறம் கேக்கல.”

பைபிளைப் பிரித்தேன். பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவே குடும்பப் பக்கங்கள்: பிறப்பு, திருமணம், மரணம். அப்பாவின் உருண்டைத் தமிழ் எழுத்து. குஞ்சம்மா அக்கா விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். எங்கள் பெயர்கள், அப்பாவின் யாழ்ப்பாணத்து உறவினர் பெயர்கள்.

“ஞானஸ்நானம் எடுத்த ஆக்களைத்தான் அப்பா இதில எழுதினவர்,” என்றாள் யோகம், கொஞ்சம் தாழ்ந்த குரலில்.

“என் பேரே இல்ல. அம்மா பேரு எங்கேர்ந்து இருக்கும்?” விரலை எடுத்துக்கொண்டார். “சரி, மூடிடு.”

நான் மூடவில்லை. வழியில் தொலைந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் முந்தின நாள்தான் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமெடுத்திருந்தேன். சங்கீதப் பாடல்களின் ஓரத்தில் பென்சிலால், பொடிப்பொடி ஆங்கிலத்தில் பெயர்கள் இருந்தன. அப்பா ஜெபித்த ஆட்களின் பெயர்கள் என்றே நாங்கள் எப்போதும் நினைத்திருந்தோம். படமெடுக்கும்போதுதான் ஒவ்வொன்றின்மேலும் தேதியும் கீழே சில வரிகளும் இருப்பதைக் கவனித்தேன்; வாசித்துப் பார்க்கவில்லை.

“அக்கா, உங்கட ஐசி கார்டில பிறந்த தேதி என்ன?”

“பத்தொம்போது, ஆறு, அம்பத்தொண்ணு. அய்யாதான் குடுத்தாரு.”

நூற்று முப்பதாம் சங்கீதத்தின் பக்கத்தில் அந்தத் தேதி இருந்தது. கீழே சில வரிகள். தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தேன்.

“முனியாயி, இருபத்திரண்டு வயது, ஆறாம் லயத்து வீடு. பிரசவம், ரத்தப்போக்கு நிற்கவில்லை. பெண் குழந்தை பிழைத்தது.”

அதோடு நிறுத்தினேன். ஓரங்களில் இருந்தவர்கள் யாரென்று அப்போதுதான் புரிந்தது. அப்பாவின் கையில் இறந்தவர்கள். எங்கள் அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும் என்பதால் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்.

“முனியாயி,” என்றார் குஞ்சம்மா அக்கா. இன்னொரு முறை சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். “கீழ இன்னும் எழுத்து இருக்கு. நீ பாதிதான் படிச்ச.”

யோகம் எட்டிப் பார்த்துவிட்டு எனக்கு மட்டும் தெரிகிற மாதிரித் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று.

“படி ஜனகா. எனக்குத்தானே எழுதியிருக்கு?”

படித்தேன். “மாலையிலேயே மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்க வேண்டும். காத்திருந்தேன். ஊரடங்கு தொடங்கிவிட்டது, லாரியை விடவில்லை. தவறு என்னுடையது.”

அவசரகாலச் சட்டம் இருந்த வருஷங்கள் அவை; இருட்டினால் தோட்டத்தைவிட்டு எந்த வண்டியும் போக முடியாது. குஞ்சம்மா அக்கா அந்தப் பென்சில் எழுத்தின்மேல் விரலை வைத்தார்.

“அப்பா உன்னில பாசமாத்தான் இருந்தவர், குஞ்சு,” என்றாள் யோகம்.

“பாசம் இல்லன்னு நான் சொன்னேனா? சோத்துல கொற வச்சாரா, துணியில கொற வச்சாரா? ஆனா மனுசன் என் மூஞ்சிய நேராப் பாத்துப் பேசினதே இல்ல. நான் தோட்டத்துப் புள்ள, அதான்னு நெனச்சுக்கிட்டேன் யோகக்கா. இவ்வளவு வருசமும் அப்படியேதான் நெனச்சேன்.”

பைபிளைக் குஞ்சம்மா அக்காவே வைத்துக்கொள்ளட்டும் என்று நான் சொன்னேன்.

“எங்க வூட்டுல வச்சா கரப்பான் தின்னும். நீயே கொண்டு போ. ஆனா ஓரத்துல இருக்கிற மத்தவங்களுக்கும் புள்ளைங்க இருக்கும்ல? அந்தப் பேரெல்லாம் தமிழ்ல பெருசா எழுதிக் குடுத்துட்டுப் போ. அந்தத் தோட்டத்து ஆளுங்க ஜாசின்ல இன்னும் இருக்காங்க. நான் விசாரிக்கிறேன்.”

“கடைசி வரிகளும் எழுதவா?”

யோசித்தார். “எழுது. வேணாம்னு சொல்ல நீ யாரு, நான் யாரு?”

எழுதி முடிக்க மத்தியானம் ஆனது. இருபத்து மூன்று பேர். தாளை மடித்துப் பர்சுக்குள் வைத்தார். பஸ்ஸில் போக வேண்டாமென்று நான் என் போனில் கிராப் வாடகைக் கார் கூப்பிட்டேன். ஓட்டி வந்த மலாய்க்காரப் பையன் கண்ணாடியை இறக்கி, “ஜனகா?” என்று கேட்டான்.

“புக்கான் லா,” இல்லையென்று சொன்னார் குஞ்சம்மா அக்கா, கதவைத் திறந்து ஏறியபடி. பிறகு அவனுக்கு மலாயிலேயே நிதானமாகச் சொன்னார், தான் குஞ்சம்மா, முனியாயியின் மகள் என்று.

“ஓகே, மக்சிக்,” என்றான் அவன், அத்தை என்று அழைக்கும் மரியாதையோடு. வண்டி நகர்ந்தது.