வாழைப்பழத்தைத் தோற்கடித்த மாத்திரை

நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனியில் திரி சொருகிக்கொண்டிருந்த என் வலது மணிக்கட்டு ஒரு சீசனில் கொழுக்கட்டையாக வீங்கியது. சுளுக்கென்று நினைத்து மூன்று மாதம் எண்ணெய் போட்டு உருவினேன். விரல்கள் மடங்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் கீறிப் பார்த்தபோது உள்ளே அரிசி அரிசியாக என்னவோ இருந்ததாம். தசைநாரில் டி.பி. என்றார் டாக்டர். நெஞ்சை விட்டுவிட்டு என் மணிக்கட்டில் அதற்கென்ன வேலை என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

"இது யாருக்கும் ஒட்டாதும்மா. ஆனா மாத்திரைய ஒருநாள்கூட விட்றாதீங்க. விட்டா கை போயிரும்."

ஒட்டாது என்பதை நான் நம்பினேன். கம்பெனியில் ஒரே ரூமில் என்னோடு வேலை பார்த்து, ஒரே தூக்குவாளியில் கைபோட்டுச் சாப்பிடும் என் ரூம்காரிகள் மூன்று பேரும் நம்புவார்களா? வீக்கத்துக்கு மாத்திரை என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

முதல் நாளே சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது. பதறிப்போய் ரூமில் மூத்த அக்காவிடம் உளறிவிட்டேன். மூச்சோடு உள்ளே போன பட்டாசு மருந்துத்தூசி வயிற்றிலிருந்து இறங்கட்டும் என்று தினமும் வாழைப்பழம் தின்கிறவர்கள் நாங்கள். அக்காவுக்கு உடனே எல்லாம் விளங்கிவிட்டது.

"ஏ ஆத்தி! இருவது வருசமா பழம் தின்னும் எறங்காத மருந்துக் கலரு ஒனக்கு ஒரே நாள்ல எறங்கிருச்சேடி! எங்களுக்கும் ஆளுக்கு ஒண்ணு குடு."

மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். என் ஒருநாள் மாத்திரை மூன்றும் போயின. மறுநாள் மூவரும் பரீட்சையில் பாஸானவர்கள் மாதிரி கழிப்பறையிலிருந்து வந்தார்கள். அதற்குள் பக்கத்து ரூம்காரிகளும் கைநீட்டிக்கொண்டு நின்றார்கள்.

அவர்கள் விரல்களைப் பார்த்தேன். என் விரல்களையும் பார்த்தேன். அழுகை முட்டியது.

"இது டி.பி. மாத்திரைக்கா! எனக்குக் கையில டி.பி.! விட்டா கையே போயிருமாம்!"

நீண்ட கைகள் எல்லாம் உள்ளே போயின. மத்தியானம் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு தனியாக வேப்பமரத்தடிக்குப் போனேன். அக்கா பின்னாலேயே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கூறுகெட்டவளே, மொதல்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதான? ஒன் கைய நாங்கள்ல முழுங்கியிருக்கோம்!"

திட்டிக்கொண்டே என் வாளிக்குள் கைவிட்டுச் சோற்றை அள்ளினாள்.

மறுநாளிலிருந்து போலீஸ் மாதிரி எதிரில் வந்து நிற்பாள். "முழுங்கிட்டியா? நாக்கத் தூக்கு." மாதக்கணக்கில் ஒருநாள்கூடத் தவறவில்லை.

கடைசி மாத்திரையை விழுங்கிய அன்று நாக்கைத் தூக்கிக் காட்டிவிட்டு, ஐந்து விரலையும் இறுக்க மடக்கி அவள் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"என்னையவே குத்த வாரியாடி?" என்று கேட்டுவிட்டு, அக்கா அழுதாள்.