நடுவில் தெரிந்த தரை

நவமணிக்குப் பொறுமை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அரை மில்லிமீட்டருக்காக ஒரு மணி நேரம் குனிந்து உட்காருவாள். அவளுக்கு இல்லாதது வாயை மூடிக்கொண்டிருக்கும் பழக்கம்தான்.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் கருப்பம்மாளின் ஒரே மகள் அவள். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்ததும் ஈப்போவில் ஒரு குளிர்பானத் தொழிற்சாலையில் பாட்டில் கழுவப் போனாள். கழுவிய பாட்டிலில் சோப்பு மிச்சம் இருக்கிறது என்று மேற்பார்வையாளரோடு மல்லுக்கு நின்று, பாட்டிலைத் தூக்கிக்கொண்டு நேரே சோதனைக்கூடத்துக்கே போய்விட்டாள். பார்த்தால், சோப்பு இருந்தது! அடுத்த மாதமே அங்கே தற்காலிக உதவியாளர் ஆனாள். அந்தத் தற்காலிகம் இரண்டு வருடம் இழுத்து 1984-இல் வந்து நின்றது. வேலை நிரந்தரமா, இல்லையா என்று வெள்ளிக்கிழமை சொல்வதாக மேனேஜர் லியோங் சொல்லியிருந்தார்.

சோதனைக்கூடத்தின் ராணி, திரவக் குரோமட்டோகிராபி கருவி. பானத்தில் ஒரு சொட்டை ஊசியால் உள்ளே விட்டால், பம்பு அதை ஒரு சாண் நீள எஃகுக் குழாய்க்குள் தள்ளும். குழாய் நிறைய மாவைவிட மெல்லிய தூள் இறுக்கி அடைத்திருக்கும். கலந்து கிடந்த சரக்குகள் அதற்குள் பிரிந்து, ஒவ்வொன்றாக வெளியே வரும். ஒன்று வரும்போதெல்லாம், ஓடும் காகிதத்தில் பேனா ஒரு முகடு வரையும். குழாய் நன்றாக இருந்தால் முகடுகள் ஒல்லியாகத் தள்ளித் தள்ளி நிற்கும். கெட்டுப்போனால் பருத்து, ஒன்றன்மேல் ஒன்று சாயும். இதை எண்ணில் சொல்ல இரண்டு கணக்கு உண்டு. முகட்டின் ஒல்லிக்குத் தட்டு எண்ணிக்கை. இரண்டு முகடுகளின் விலகலுக்குப் பிரிதிறன். பிரிதிறன் ஒன்றரை வந்தால் குழாய் பாஸ்.

வேதியியலாளர் ஸ்டானிஸ்லாஸ் தங்கமான மனிதர். ஆனால் காகித விஷயத்தில் மகா கஞ்சர். நிமிடத்துக்கு ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் காகிதம் ஓடக்கூடாது என்பது அவர் சட்டம். அளந்த மில்லிமீட்டரை நிமிடமாக்க வேண்டுமே, அதற்காகக் கருவியின் நெற்றியில் 'ஐந்தால் வகு' என்று ஒரு துண்டு ஒட்டியிருந்தார். முகடு வரும் நேரத்தை மட்டும் தன் ஸ்டாப்வாட்ச்சில் பிடிப்பார்.

புதன்கிழமை குழாய்க்குச் சோதனை ஓட்டம். ஐந்தில் ஓட்டினால் முகட்டின் அடி அகலம் இரண்டே மில்லிமீட்டர். ரூலர் கோட்டின் தடிப்பே பாதியை விழுங்கிவிடும். நவமணி ஓசைப்படாமல் வேகத் திருகைப் பத்தில் வைத்தாள். ஸ்டானிஸ்லாஸின் கண் ஸ்டாப்வாட்ச்சை விட்டு அகலவில்லை. ஓட்டம் முடிந்ததும் திருகைப் பழையபடி ஐந்துக்குக் கொண்டுவந்துவிட்டு, மாதிரிப் பாட்டில் எடுக்கக் கீழே போனாள். வேகத்தைக் காகிதத்தில் எழுதிவைக்க மறந்தே போனாள்.

திரும்பி வந்தால் ஸ்டானிஸ்லாஸ் முகம் தொங்கிக் கிடந்தது.

"கொழாய் போச்சுலா, மணி. தட்டு எண்ணிக்கை ஆயிரத்து அறுநூறு. போன மாசம் ஆறாயிரத்துக்கு மேல இருந்துச்சு. பிரிதிறன் வெறும் முக்கால். நேத்து நீதான கழுவுன?"

"நான்தாண்ணே. ஒழுங்காத்தான் கழுவுனேன்."

"பின்ன எப்படி கெட்டுச்சு? ரிப்போர்ட் எழுதித்தான் ஆகணும்லா."

குழாயைக் கெடுத்தவளுக்கு எந்த மேனேஜர் வேலை நிரந்தரம் செய்வார்? இரண்டு வருட உழைப்பு ஒரு சாண் குழாயில் போகப்போகிறது. நவமணி அந்தக் காகிதத்தை எடுத்துப் பார்த்தாள்.

"அண்ணே, முக்கால்னா ரெண்டு முகடும் ஒட்டிக்கிட்டுல நிக்கணும்? இங்க நடுவுல பேனா தரையில ஓடியிருக்கே."

"கண்ணால காண்பதும் பொய்னு சொல்லியிருக்காங்க. கணக்கு பொய் சொல்லாது."

"தீர விசாரிக்கவும் சொல்லியிருக்காங்கல்ல?"

ரூலரை வைத்தாள். முகட்டின் அடி நாலு மில்லிமீட்டர். எப்போதும் இரண்டுதானே வரும்? அப்போதுதான் திருகு ஞாபகத்துக்கு வந்தது. ஐயோ! பத்தால் வகுக்க வேண்டியதை மனுஷர் ஐந்தால் வகுத்திருக்கிறார்; ஸ்டாப்வாட்ச் நேரம் சரியாக இருக்க, அடி அகலம் மட்டும் இரண்டு மடங்காகிவிட்டது. குழாய்க்கு ஒன்றுமில்லை. ஆனால் அதைச் சொன்னால் சட்டத்தை மீறியது தான்தான் என்று ஆகிவிடும், அதுவும் வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால். ஒரு நிமிடம் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றாள். அதற்கு மேல் அந்த வாய்க்குத் தாங்காது.

"அண்ணே, வேகத்த நான்தான் பத்துக்கு வெச்சேன். எழுதாம உட்டது என் தப்பு. ஆனா கொழாய் நல்லாத்தான் இருக்கு. ஸ்டாப்வாட்ச் வேணாம், வேகமும் வேணாம். எல்லாத்தையும் காகிதத்துலயே அளப்போம், வாங்க."

இரண்டு முகடுகளுக்கும் நடுவே ஆறு மில்லிமீட்டர். அடி ஒவ்வொன்றும் நாலு. சூத்திரப்படி ஆறை இரட்டித்தால் பன்னிரண்டு. அதை இரண்டு அடிகளின் கூட்டுத்தொகை எட்டால் வகுத்தால் பிரிதிறன் ஒன்றரை. ஊசி போட்ட புள்ளியிலிருந்து இரண்டாம் முகடு எண்பது மில்லிமீட்டரில். அதை நாலால் வகுத்தால் இருபது; இருபதை இருபதால் பெருக்கி, சூத்திரத்தில் உள்ள பதினாறாலும் பெருக்கினால் தட்டு எண்ணிக்கை ஆறாயிரத்து நானூறு.

ஸ்டானிஸ்லாஸ் ரூலரை வாங்கித் தானும் ஒருமுறை அளந்தார். அதே எண்கள்தான். பிறகு 'ஐந்தால் வகு' துண்டை நகத்தால் சுரண்டிக் கிழித்துக் கசக்கினார்.

"ஆனைக்கும் அடி சறுக்கும்லா, மணி."

"ஆனை சறுக்கினா கீழ நிக்கிறவ கதி என்னாண்ணே?"

மனுஷர் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டார். வெள்ளிக்கிழமை மேனேஜர் அறையில் தன் தப்பையும் அவள் தப்பையும் ஒன்றுவிடாமல் சொன்னதும் அவர்தான். லியோங் அந்தக் காகிதத்தை மேசைமேல் விரித்து, கூடுதலாகச் செலவானது எவ்வளவு என்று கேட்டார். கால் சாண் என்றாள் நவமணி. லியோங் சிரித்துக்கொண்டே நிரந்தரக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை தோட்டத்துக்குப் பஸ் ஏறினாள். லயத்து வீட்டு வாசலில் சொன்னதுதான் தாமதம், கருப்பம்மாள் போட்ட சத்தத்தில் பத்து வீட்டு ஆட்களும் வெளியே வந்துவிட்டார்கள். "எம்மவளுக்கு வேல நெரந்தரம் ஆயிருச்சு!" என்று எல்லோர் வாயிலும் சர்க்கரையைத் திணித்தாள். மகள் பையில் சுருட்டி வைத்திருந்த காகிதம் அப்புறம்தான் கண்ணில் பட்டது.

"இது என்னாடி, ரெண்டு மல?"

"இதுலதாம்மா சண்டையே. ரெண்டும் ஒட்டியிருக்கா, தனியா நிக்குதான்னு எங்க ஐயா கடியாரத்த வெச்சுக் கணக்குப் போட்டாரு."

எழுதப் படிக்கத் தெரியாத கருப்பம்மாள் காகிதத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

"நடுவுல தரை தெரியுதேடி. இதப் பாக்கவா ஒங்க ஐயாவுக்குக் கடியாரம் வேணும்?"