தூக்கி வீசச் சொன்ன காளான்

பலாபத்வலையில் எங்கள் வீடு சிறியது. வீட்டிலேயே வளர்க்கும் சிப்பிக் காளான் பை ஒன்றை வாங்கி, உள்ளே வேறு இடமில்லாததால் படுக்கையறை மூலையில் தொங்கவிட்டேன். கொத்துக் கொத்தாக முளைத்தது. பார்க்க அழகாக இருந்ததால் பறிக்க மனம் வராமல் நன்றாக விரியவிட்டேன். கீழே மேசையில் மாவு தூவியதுபோல வெள்ளைத் தூள் படிந்தது. அதைத் துடைத்துவிட்டு அங்கேயே தூங்கினேன்.

சில நாட்களில் விடாத இருமலோடு மூச்சும் வாங்கியது. கணவர் பயந்துபோனார். செய்தி கேட்டு ஓடிவந்த அவருடைய அக்கா, "அது விஷம், தூக்கி வீசு! உனக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம்?" என்று சத்தம் போட்டார்.

"டொக்டர் சொல்லட்டும் அண்ணி. நீங்க சொல்றதுக்காக வீசமாட்டேன்," என்றேன்.

டொக்டர் எல்லாவற்றையும் விசாரித்தார். "விரிஞ்ச காளான்ல இருந்து கொட்டுற தூள்தான் உங்களுக்கு ஒத்துக்கல. படுக்கிற அறையில வைக்காதீங்க," என்றார். வளர்க்கவே கூடாது என்று அவர் சொல்லவில்லை.

மூச்சு சீரானதும் கொல்லைப்புறத்தில் காளானுக்கென்று காற்றோட்டமான கொட்டகை போட்டேன். இப்போது விளிம்பு விரிவதற்கு முன்பே, மாஸ்க் அணிந்து பறித்துவிடுகிறேன். இருமல் திரும்பவில்லை. அண்ணி வரும் நாட்களிலும் காளான் கறிதான் சமைக்கிறேன். சாப்பிடுவது அவர் விருப்பம்.