மஞ்சள் நாடா கட்டிய மூட்டை

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் இருக்கும் சலவைக்கூடத்தில் அவளுக்குப் பெயர் பூட்டக்கா. வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதி வழி வந்து, மறுபடி திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிறவள் என்பதால் கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர். பதினாலு வருஷமாக வெளுத்த விரிப்புகளை மடித்து அடுக்குவதுதான் அவள் வேலை.

காலையில் அடுப்பைப் பற்றவைக்கும்போதே கடவுளுக்கு வேலை சொல்ல ஆரம்பித்துவிடுவாள். "அவர் பஸ்ஸைப் பின்னாடி எடுக்கும்போது பிள்ளைங்க யாரும் நிக்காம பாத்துக்கோ. மழை வந்தா சக்கரம் வழுக்காம பாத்துக்கோ."

பள்ளிக்கூட பஸ் ஓட்டும் அவள் வீட்டுக்காரர் சிரிப்பார். "நீ சாமி கும்புடுறியா, இல்ல அவரை வேலைக்கு வச்சிருக்கியா? பாவம்டி, ஒரு நாளாவது லீவு குடு."

அந்த மனுஷருக்குத்தான் நெஞ்சில் மூன்று அடைப்பு என்றார்கள். சீக்கிரம் ஆபரேஷன் செய்ய வேண்டுமாம். அன்றோடு அவளுடைய வேலைப் பட்டியல் நின்றுபோனது. பஸ்ஸைப் பற்றி ஏதோ கொஞ்சம் தெரியும். இதயத்தை எப்படித் திறப்பார்கள், எப்படி மூடுவார்கள் என்று என்ன தெரியும்? என்னவென்று சொல்லிக் கேட்பது?

ஆபரேஷன் அன்று காலை ஏழரைக்கு அவரைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோனார்கள். இரண்டாம் நம்பர் தியேட்டர். ஐந்து மணி நேரம் ஆகும் என்றார்கள். வெளியே நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை. அவருடைய தங்கையை அங்கே உட்காரவைத்துவிட்டுக் கீழே வந்து, செல்போனை அலமாரியில் வைத்துவிட்டு மடிப்பு மேசையில் நின்றுகொண்டாள். வேலை நேரத்தில் போன் கூடாது என்பது அங்கே சட்டம்.

"இன்னைக்குமா வந்தே?" என்றாள் ஊசி. அழுக்குத் துணி பிரிக்கிறவள் அவள். உடம்பும் ஒல்லி, வாயும் குத்தும். "உன்னைக் கட்டினதுக்கு அந்த மனுஷன் இந்த விரிப்பைக் கட்டியிருக்கலாம். இதோட தானே நீ குடும்பம் நடத்துறே."

"கை சும்மா இருந்தா பைத்தியம் பிடிச்சிடும்டி."

அழுக்குத் துணியெல்லாம் மேலே இருந்து ஒரு பெரிய குழாய் வழியாகத் தொப்பென்று வந்து விழும். தியேட்டர் துணிகள் மட்டும் தனி மூட்டை. முதல் தியேட்டருக்குச் சிவப்பு நாடா, இரண்டாவதற்கு மஞ்சள். ஒவ்வொரு ஆபரேஷன் முடிந்ததும் ஒரு மூட்டை. ஊசி போன்றவர்கள் துணியைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்: இது பிரசவம், இது கால் முறிவு, இது பாவம், தேறியிருக்காது.

ஒன்பதரைக்கு மஞ்சள் நாடா மூட்டை விழுந்தது.

பூட்டக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து மணி நேரம் என்றார்களே. இரண்டு மணி நேரம்தானே ஆகியிருக்கிறது. ஊசி தடுப்பதற்குள் கையுறையை மாட்டி நாடாவை அவிழ்த்துவிட்டாள். பச்சைத் துணிகள் பச்சையாகவே இல்லை. அடியில் இருந்தது கூட ஊறிக் கனத்துக் கிடந்தது.

ஊசி பார்த்தாள். எதற்கும் ஒரு சொல் வைத்திருக்கிற ஊசி, அன்று வாயைத் திறக்கவில்லை. அதுவே போதுமாக இருந்தது.

பூட்டக்கா கையைக் கழுவிவிட்டு வந்து மடிக்க ஆரம்பித்தாள்.

"மேல போ. போய்க் கேளு," என்றாள் ஊசி.

"போனா சொல்லிடுவாங்க."

"அழுதுடேன்டி. இப்படி மடிக்காத, பாக்கவே பயமா இருக்கு. நான் போய்க் கேட்டுட்டு வரவா?"

"போனேன்னா உன்கூட ஜென்மத்துக்கும் பேசமாட்டேன்."

மேலே போகாத வரைக்கும் அவர் இன்னும் பாதி உயிரோடாவது இருப்பார் என்று அவளுக்கு ஒரு கணக்கு. கடவுளிடம் ஒன்றும் சொல்லவில்லை. பேச்சுவார்த்தை அறுந்துபோன சொந்தக்காரரைத் தெருவில் பார்த்ததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நுனியோடு நுனி சேர்த்து, நீவி, இரண்டாக, நான்காக மடித்தாள். தாலி கட்டியவரைப் போர்த்தத்தான் இதை மடிக்கிறோமோ என்று ஒரு தடவை தோன்றியபோது மட்டும் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

பதினொன்றே முக்காலுக்கு நாத்தனார் வழி தெரியாமல் எங்கெங்கோ சுற்றி மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"எங்க அண்ணி போயிட்டீங்க? எத்தனை தடவை போன் பண்றது!"

"சொல்லாத," என்றாள் பூட்டக்கா. காதைப் பொத்திக்கொண்டாள்.

"என்னத்தைச் சொல்லாத? இப்பதான் அண்ணனை உள்ள கொண்டுபோனாங்க!"

காலையில் விபத்தில் அடிபட்ட ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார்களாம். அந்தத் தியேட்டரை அவளுக்குக் கொடுத்துவிட்டு, இவரை வெளியே வராந்தாவில் தள்ளுவண்டியிலேயே படுக்கவைத்துவிட்டார்களாம். அவளுக்கு முடிந்த பிறகும் தியேட்டரைக் கழுவித் தயார் செய்ய நேரமாகிவிட்டதாம். நாலு மணி நேரம் அங்கேயேதான் கிடந்திருக்கிறார்.

"உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாரு. என் கையை விடவே இல்ல, எப்படி எழுந்து வர்றது? கடைசியில, 'அவ வந்தா நான் நல்லா தூங்கிட்டுத்தான் போனேன்னு சொல்லு, இல்லேன்னா பயந்துடுவா'ன்னாரு."

"தூங்கினாரா?"

நாத்தனார், அவர் பிடித்திருந்த கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

ஒரு மாடிப்படி ஏறியிருந்தால் போதும். அந்தக் கையைத் தானே பிடித்துக்கொண்டிருந்திருக்கலாம். உயிரோடு இருந்தவருக்கு இங்கே நின்று துக்கம் கொண்டாடியிருக்கிறாள்.

"அந்தப் பொண்ணு?" என்று ஊசி கேட்டாள்.

"கண்ணு முழிச்சிடுச்சாம். அவங்க அம்மா அங்க எல்லார் காலையும் பிடிச்சுட்டு அழறாங்க."

ஊசி தரையில் கிடந்த பச்சைத் துணிகளைப் பார்த்தாள். "இதுல இருந்தா பொழைச்சா?" என்றாள். பிறகு குனிந்து, அதை மெதுவாக வண்டியில் எடுத்துப் போட்டாள். "நீ மேல போ. அடுத்த மஞ்சள் மூட்டை வந்தா நான் பிரிக்கவும் மாட்டேன், உனக்குச் சொல்லவும் மாட்டேன். போ."

மேலே தியேட்டர் கதவுக்கு எதிரே இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். சாத்திய கதவில் பார்க்க ஒன்றும் இல்லை. கேட்க யாரும் இல்லை. பூட்டக்காவுக்குத் தைரியம் ஒன்றும் வந்துவிடவில்லை. ஆனாலும் கோபித்துக்கொண்டவளே வலியப் போய்ப் பேசுவதுபோல, உதடு அசையாமல் பேசினாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியல. நான் பாத்ததும் தப்பு, நினைச்சதும் தப்பு. அந்தப் பொண்ணோட இருந்தியே, அதே மாதிரி இவரோடவும் இரு. இருப்பேன்னு நம்புறேன். முழுசா இல்ல. பாதி நம்புறேன். மீதியையும் நீதான் குடுக்கணும்."

ஒரு நர்ஸ் வேகமாக உள்ளே போனாள். கதவு ஆடி நின்றது. காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காத நாத்தனார், பேசிக்கொண்டே இருந்தவள், பேச்சின் நடுவில் அப்படியே தூங்கிப்போய் அவள் தோளில் சாய்ந்தாள். தோள் வலித்தது. எழுந்து போய் யாரையாவது விசாரிக்க வேண்டும் போலவும் இருந்தது. நாத்தனாரின் தூக்கம் கலைந்துவிடக்கூடாதே என்று அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.