வீட்டைக் கடக்கும்போது இரண்டு வரி

1. முதல் நாள்

ரூட் பஸ்ஸில் டிரைவராக ஏறிய முதல் நாள், முதலாளி என் கையில் சாவியைக் கொடுக்கவில்லை. ஒரு கேசட்டைத்தான் முதலில் கொடுத்தார்.

“இது பிள்ளையார் பாட்டு. வண்டி எடுத்ததும் இதுதான் ஓடணும். அப்புறம் சினிமாப் பாட்டு. சாவு வீட்டு முன்னாடி ஆஃப். பள்ளிவாசல்ல பாங்கு சொல்றப்ப ஆஃப். ஆஸ்பத்திரி வாசல்ல ஆஃப். மத்த நேரம் பாட்டு நிக்கவே கூடாது. நமக்கு முன்னாடி ஒரு வண்டி போவுது, பின்னாடி ஒரு வண்டி வருது. எல்லாத்துலயும் ஒரே டிக்கெட்டு. ஜனம் எதுக்குப்பா நம்ம வண்டியில ஏறணும்?”

“நல்லா ஓட்டினா ஏறுவாங்க முதலாளி.”

“நல்லா ஓட்டினா பத்திரமா இறங்குவாங்க. ஏத்துறது பாட்டுதான்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு மாதத்தில் அவர் சொன்னது சரி என்று தெரிந்துவிட்டது. திருவாரூரில் எடுத்தால் கீழ்வேளூர், சிக்கல் வழியாக நாகப்பட்டினம், அங்கிருந்து நாகூர். இதுதான் என் ரூட். ஸ்டாண்டில் எங்கள் வண்டியும் இன்னொரு வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். காலேஜ் பிள்ளைகள் நடுவில் நின்று இரண்டு காதாலும் கேட்டுப் பார்த்துவிட்டு, பிறகுதான் படியில் கால் வைப்பார்கள்.

என் பக்கத்தில் இன்ஜினை மூடியிருக்கும் பானெட். அதன்மேல்தான் கேசட் பெட்டி இருக்கும். சித்திரை வெயிலில் சூடு ஏறிக் கேசட் இளகிவிடும். நல்ல துள்ளல் பாட்டுகூட ஒப்பாரி மாதிரி இழுக்கும். கண்டக்டர் ஹாஜா, நாகூர்க்காரர், என் வயதுதான். அவர் கேசட்டை எடுத்து ஈரத்துண்டில் சுற்றி ஜன்னலோரம் வைப்பார். “பச்சப்புள்ளைக்குக் காய்ச்சல்” என்பார்.

2. ஃபார்வர்டு பட்டன்

இப்போது எல்லோரும் சொல்கிறார்கள், அந்தக் காலத்துப் பாட்டு மாதிரி வராது என்று. நானும் சொன்னவன்தான். ஆனால் அந்தக் காலத்தில் பாட்டைப் போட்டவன் என்ற முறையில் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

ஒன்று, சிக்கலில் ஏறும் ஒரு பெரியவர். வேட்டி மடிப்புக் கலையாமல் வருவார். ஏறி உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிடுவார்.

“என்னப்பா இது, ஒரே டமடமன்னு? எங்க காலத்துப் பாட்டுல வார்த்தை ஒவ்வொண்ணும் தனித்தனியா வந்து காதுல உக்காரும்.”

ஹாஜா டிக்கெட் கிழித்துக்கொண்டே சொல்வார்: “முன் சீட்டுக்கு வாங்க பெரியவரே. அங்க வார்த்தை உக்காந்துதான் இருக்கு. பின்னாடி ஸ்பீக்கர் கிழிஞ்சு போச்சு.”

அந்தப் பெரியவர் காதைப் பொத்திக்கொண்ட பாட்டுகளைத்தான் இன்றைக்கு என் வயதுக்காரர்கள் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைக்கிறார்கள்.

இன்னொன்று, என் கேசட் பெட்டி. அது பழுதாகி நாகப்பட்டினத்தில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“என்னண்ணே, ப்ளே பட்டன் புதுசு மாதிரி இருக்கு. ஃபார்வர்டு மட்டும் தேஞ்சு மொட்டையா இருக்கு!”

உண்மைதான். புதுப்படக் கேசட் வந்தால் ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டு தேறும். மற்றதெல்லாம் சகிக்காது. ஒரு கை ஸ்டியரிங்கில் இருக்கும், இன்னொரு கை பார்க்காமலே ஃபார்வர்டை அமுக்கும். தேறாத பாட்டுக்கு ஜனம் என்னைத்தான் திட்டும். அந்தக் காலத்திலும் குப்பை வந்தது, நிறையவே வந்தது. அதையெல்லாம் நாங்கள் ஓட்டித் தள்ளிவிட்டோம். மிச்சம் நின்றதைத்தான் இன்று மொத்தமாகச் சேர்த்து, அந்தக் காலமே தங்கம் என்கிறோம்.

இவ்வளவு தெரிந்தும் என் மனசு பழைய பாட்டுப் பக்கம்தான். அதை நான் என்ன செய்ய?

3. வசந்தா சொன்ன தீர்ப்பு

என் வீடு கீழ்வேளூருக்கும் சிக்கலுக்கும் நடுவில், ரோட்டை ஒட்டியே இருக்கிறது. அடுப்படி ஜன்னல் ரோட்டைப் பார்த்து இருக்கும். என் மனைவி வசந்தா எங்கள் வண்டிச் சத்தத்தை வைத்துத்தான் உலை வைப்பாள். வண்டி வீட்டைக் கடக்கும் நேரத்தில் பாட்டில் இரண்டு வரி அவள் காதில் விழும். அவ்வளவுதான். அவளுக்கு எந்தப் பாட்டுக்கும் தலையும் தெரியாது, காலும் தெரியாது. இடுப்பு மட்டும்தான் தெரியும்.

வேலை முடிந்து வந்து கை கால் கழுவி, விபூதி பூசி, முருகனுக்கு விளக்கேற்றிவிட்டுச் சாப்பிட உட்காருவேன். சாதத்தைப் போட்டுக்கொண்டே கேட்பாள்.

“மத்தியானம் போறப்ப ஒண்ணு போட்டீங்களே, அதுக்கு முன்னாடி என்ன வரும்?”

நான் பாடிக் காட்டுவேன். எனக்குக் குரல் கிடையாது.

“போதும் போதும். எனக்கு அந்த ரெண்டு வரியே போதும்” என்று குழம்பை ஊற்றுவாள்.

அறுவடைக் காலத்தில் மட்டும் அவளுக்குக் கொண்டாட்டம். எங்கள் வீட்டு முன்னால் பாதி ரோட்டில் நெல்லைக் காயப் போட்டுவிடுவார்கள். வண்டி மெதுவாக ஊர்ந்துதான் போக வேண்டும். அப்போது நாலு வரி கிடைக்கும்.

கண்ணில் புரை வந்து நான் வண்டியை விட்டு இறங்கினேன். என் இடத்துக்குப் பிரகாஷ் வந்தான். நல்ல கை, நிதானம். கேசட், சிடி எல்லாம் போய் பென் டிரைவ் வந்திருந்தது. அத்தனையும் புதுப் பாட்டு. என் வாழ்நாளில் முதல்தடவையாக நானும் வீட்டுப் பக்கம் உட்கார்ந்து அந்த இரண்டு வரியைக் கேட்டேன்.

வண்டி போனதும் வசந்தா அடுப்படியிலிருந்து சொல்வாள்: “இது தேவலாம்.”

“இதா? தகர டப்பாவுல ஜல்லியைப் போட்டு உருட்டுற மாதிரி இருக்கு.”

“ஒங்க பாட்டையும் ஒங்கம்மா அப்படித்தான் சொன்னாங்க. நான் வந்த புதுசுல, ‘இந்தப் பய சாமி பாட்டோட நிறுத்திக்கக் கூடாதா’ன்னு தலையில அடிச்சுக்குவாங்க.”

“அது வேற.”

“என்ன வேற? அதுவும் காதலுதான், இதுவும் காதலுதான். முன்னாடி சுத்தி வளைச்சுச் சொன்னாங்க. இப்ப நேரா சொல்றாங்க.”

“அதான் தப்புங்கிறேன்.”

“நீங்க சுத்தி வளைச்சும் சொல்லலை, நேராவும் சொல்லலை.”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, முருகா என்று எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். உள்ளே அவள் சிரிப்பது கேட்டது.

தினம் இதேதான். ஒவ்வொரு வண்டி போனதும் ஒரு தீர்ப்பு, அதற்கு ஓர் அப்பீல். மகன் குவைத்தில் இருக்கிறான். வெள்ளிக்கிழமை போன் செய்வான். அவனிடமும் வழக்கைக் கொண்டுபோவோம். “நான் அம்மா கட்சி” என்று சொல்லிப் போனை வைத்துவிடுவான்.

மாதக் கிருத்திகைக்குச் சிக்கல் முருகன் கோயிலுக்குப் போக நான் பிரகாஷ் வண்டியில்தான் ஏறுவேன். அவனையும் விடமாட்டேன்.

“ஏம்ப்பா, பாட்டுன்னு ஒண்ணுகூட இல்லியா ஒங்கிட்ட?”

“ஒங்க பாட்டைப் போட்டா பாதிப் பேரு தூங்கிப் போயி ஸ்டாப்பை விட்டுடுறாங்க அண்ணே. அப்புறம் என்னைத்தான் திட்டுறாங்க” என்பான்.

4. ஆஃப்

ஐப்பசியில், நடவு நடந்துகொண்டிருந்த சமயம், வசந்தா போய்விட்டாள். நெஞ்சை அடைக்கிறது என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

வாசலில் பந்தல் போட்டு பெஞ்சு போட்டிருந்தார்கள். எங்கள் வண்டி வந்தது. தூரத்தில் வாய்க்கால் மதகு தாண்டும்போதே பாட்டு நின்றது. சத்தமில்லாமல் எங்களைக் கடந்து, புளியமரத்தடிக்குப் போன பிறகு மறுபடி கேட்டது. எத்தனையோ வீட்டு முன்னால் நானும் இப்படி ஆஃப் செய்திருக்கிறேன். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனுக்கு அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வண்டி கும்பிட்டுவிட்டுப் போகிற மாதிரி இருந்தது.

கருமாதி முடிந்து மகன் குவைத்துக்குத் திரும்பினான். சொந்தக்காரர்களும் கிளம்பினார்கள். கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போனார்கள்: வருஷம் திரும்புகிற வரைக்கும் வீட்டில் பாட்டு வைக்கக் கூடாது, டிவி போடக் கூடாது, கோயிலுக்குள் போகக் கூடாது. நான் எதையும் மீறவில்லை. சாமிக்குப் பயந்தவன். கிருத்திகைக்குச் சிக்கல் போய், தெருவில் நின்று கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

ஆனால் ரோட்டில் பாட்டு திரும்பி வரவில்லை. கருமாதிக்குப் பிறகு போடுவார்கள் என்று நினைத்தேன். கார்த்திகை போனது, மார்கழி போனது. எங்கள் வண்டி மட்டும் இல்லை, அந்த ரூட்டில் ஓடும் எல்லா வண்டியும் மதகு வந்ததும் ஆஃப் ஆகிவிடும், புளியமரம் தாண்டியதும் ஆரம்பிக்கும். என் வீட்டுக்கு முன்னால் மட்டும் வெறும் இன்ஜின் சத்தம். அடுப்படியில் நானே உலை வைத்துக்கொண்டு நிற்பேன். பாட்டு வருகிற மாதிரி வந்து அறுந்து போகும். அந்த இடத்தில் வீடு எவ்வளவு பெரியது என்று தெரியும். மரியாதை செய்கிறார்கள். அவர்களிடம் போய் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? பெண்டாட்டி போன சூடு ஆறுவதற்குள் கிழவனுக்குப் பாட்டு கேட்கிறது என்று ஊர் பேசாதா? அதைவிட, அப்படி ஆசைப்படுவது பாவமா என்றும் தெரியவில்லை.

5. சிக்கல் ஸ்டாப்

தை மாதக் கிருத்திகை. கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். முருகா, நான் பாட்டு கேட்டுச் சந்தோஷப்பட நினைக்கவில்லை, வீட்டில் ஒரு சத்தம் வேண்டும், அவ்வளவுதான் என்று சொன்னேன். சொல்லி முடித்ததும் மனசு லேசாகிவிட்டது. நேரே ஸ்டாப்புக்கு வந்தேன். பிரகாஷ் வண்டி வந்து நின்றது. நான் ஏறாமல் டிரைவர் சீட்டு ஜன்னலுக்குப் போனேன்.

“ஏறுங்க அண்ணே, ஏன் வெயில்ல நிக்கிறீங்க?”

“ஏறுறது இருக்கட்டும். எங்க வீட்டு முன்னாடி ஏம்ப்பா இன்னும் ஆஃப் பண்றே?”

“வருஷம் திரும்பலையே அண்ணே. நம்ம ரூட்டுல ஓடுற அத்தனை வண்டிக்கும் சொல்லி வச்சிருக்கேன்.” அவன் முகம் மாறியது. “எவனாவது போட்டானா? எந்த வண்டின்னு சொல்லுங்க, ஸ்டாண்டுல வச்சுக் கேக்குறேன்.”

“யாரும் போடலைப்பா. அதான் வந்தேன்.”

அவனுக்குப் புரியவில்லை. பின்னாலிருந்து ஒரு அம்மா குரல் கொடுத்தது: “டிரைவர் தம்பி, பேசி முடிச்சா எடுங்க. வயல்ல அறுப்பு மெஷின் வந்து நிக்குது, அது ஒங்களுக்காகக் காத்திருக்குமா?”

நான் சட்டென்று சொல்லிவிட்டேன்.

“துக்கம் எங்க வீட்டுக்குத்தாம்ப்பா, ரோட்டுக்கு இல்ல. நான்தான் பாட்டு வைக்கக் கூடாது. நீ போடலாம்.”

பிரகாஷ் ஜன்னல் வழியாக என் பக்கம் குனிந்தான். அப்புறம் மெதுவாகக் கேட்டான்.

“ஒங்க காலத்துப் பாட்டு எங்கிட்ட இருக்கு அண்ணே. வீட்டுக்கிட்ட வர்றப்ப அதைப் போட்டுடவா?”

“வேணாம். எப்பவும் போடுவியே, அதையே போடு. ஒங்க அண்ணிக்கு அதுதான் புடிக்கும்.”

அந்த அம்மா மறுபடி சத்தம் போடவில்லை. நான் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்த பிறகுதான் வண்டி நகர்ந்தது.

6. கடைசியாக

மறுநாள் காலையில் வீட்டு முன்னால் ரோட்டில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. மதகு தாண்டியும் பாட்டு நிற்கவில்லை. வண்டி நெல்லுக்காக ஒதுங்கி, ஊர்ந்து வந்தது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. பாதி வார்த்தை எனக்கு விளங்கவில்லை. அதே ஜல்லி, அதே தகர டப்பா. ஆனால் நடுவில் ஒரு பெண்குரல் மட்டும் தனியாக ஏறி இறங்கியது. நாலு வரி முழுசாகக் கிடைத்தது. வண்டி புளியமரத்தைத் தாண்டியது.

அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. நான் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன்.

“இது தேவலாம்” என்றேன். மறுத்துப் பேச ஆள் இல்லை. அதனால் அதுவே தீர்ப்பாகிவிட்டது.

பழைய பாட்டு உசத்தியா, புதுப் பாட்டு உசத்தியா என்று என்னைக் கேட்கிறார்கள். எனக்குத் தெரியவில்லை. அந்தச் சண்டைக்கு இரண்டு பேர் வேண்டும். இப்போது ஸ்டியரிங் பிடிக்க வருகிற பிள்ளைகளுக்கு, என் முதலாளி சொன்னதோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். சாவு வீட்டு முன்னால் ஆஃப் செய்யுங்கள். பாங்கு சொல்லும்போதும் ஆஸ்பத்திரி வாசலிலும் ஆஃப் செய்யுங்கள். கருமாதி முடிந்ததும் போட்டுவிடுங்கள். அந்த வீட்டுக்குள்ளே ஒரே ஆள்தான் இருக்கிறார் என்று தெரிந்தால், கொஞ்சம் சத்தமாகவே போடுங்கள்.