காலர்க்கா ஒரு வரி சொன்னாள்

காலர்க்காவுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. பால்காரர் ஊற்றிய பாலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கிழித்துக் கொடுத்தால் தேதியைப் படித்துவிட்டுத்தான் உட்காருவாள். தூர ஊரில் இருக்கும் மகள் போனில் “நல்லா இருக்கேம்மா” என்றால், “எதை மறைக்கிற?” என்பாள். இத்தனைக்கும் பொல்லாத மனுஷி இல்லை. ஒரு ராத்திரி தெரிந்த குரலை நம்பி வாசல் கதவைத் திறந்தவள், அவ்வளவுதான்.

பெயர் வந்தது வேலையால். பெரிய ஜவுளிக்கடையின் பின்கட்டில் இருந்த தையல்கூடத்தில் ஒருத்தி கை தைப்பாள், ஒருத்தி பை தைப்பாள், ஒருவர் பட்டனுக்குத் துளை போடுவார். இவளுக்குக் காலர். ஆயுசு முழுக்கத் தைத்தும் ஒரு முழுச் சட்டையை அவள் தைத்து முடித்ததில்லை. ஆனால் எதிரே வருகிறவனின் முகத்துக்கு முன்னால் அவன் கழுத்தைத்தான் பார்ப்பாள். கண் மங்கியதும் கடையில் ஒரு சால்வையைப் போர்த்தி அனுப்பிவைத்தார்கள். சால்வையை அவள் விரித்துக்கூடப் பார்க்கவில்லை.

முப்பது வருஷத்துக்கு முன்னால் அவள் தெருவில் நடந்ததை அரசாங்கம் கலவரம் என்று சொல்லும். அதைக் கேட்டாலே அவளுக்கு உச்சந்தலை சுடும். கலவரம் என்றால் இரண்டு பக்கமும் அடித்துக்கொள்வது. இங்கே ஒரு பக்கம் அடித்தது, ஒரு பக்கம் செத்தது. லாரியில் வந்து இறங்கியவர்கள் வெளியூர்க்காரர்கள். எந்த வீடு யாருடையது என்று அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் ஒரு வீடு தவறாமல், ஒரு வீடு கூடுதலாகவும் போகாமல், சரியான வாசலில் போய் நின்றார்கள். “லைன்மேன் சார், நான்தான், கதவைத் திறங்க” என்று கூப்பிட்ட குரல் தெருமுனைத் துணிக்கடைக்காரருடையது. காலர்க்கா திறந்தாள். கையில் டார்ச்சோடு அவர் பின்னால் ஒதுங்கிக்கொள்ள, முன்னால் நின்றவர்கள் உள்ளே வந்தார்கள். மின்சார வாரியத்தில் லைன்மேனாக இருந்த அவள் வீட்டுக்காரர் திரும்பி வரவில்லை. தெருமுனைத் துணிக்கடை சில வருஷங்களில் பெரிய ஜவுளிக்கடையாக வளர்ந்தது. ஆம், அதே ஜவுளிக்கடைதான். சின்னப் பிள்ளையோடு நின்றவளுக்கு அந்த முதலாளியே கூப்பிட்டு வேலை கொடுத்தார். அது இரக்கமா, வாயைத் தைத்துவிடும் வேலையா என்று அவள் யோசிக்காத நாள் இல்லை. யோசித்துக்கொண்டே காலர் தைத்தாள். பசி என்று ஒன்று இருக்கிறதே.

வருஷா வருஷம் வெளிநாட்டிலிருந்து ஒரு பேராசிரியை மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வருவார். இனப்படுகொலை, நீதி, கூட்டு நினைவு என்று அவர்கள் படிப்புக்கு நீளமாகப் பெயர். தப்பிப் பிழைத்தவர்களை ஒரு ஹாலில் உட்காரவைத்துப் பேசச் சொல்லிக் கேட்பார்கள். முதல் வருஷம் கூப்பிட்டபோது காலர்க்கா, “எங்க வீட்டு இழவு இவங்களுக்குப் பாடமா? இவங்க பாஸாகணும்னா நான் எவ்வளவு அழணும்?” என்று கேட்டாள். போய் உட்கார்ந்த பிறகு, பேராசிரியை மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி என்று தோன்றியது. உச்சுக்கொட்டாமல், பக்கத்து வீட்டு விளக்கு எரிந்ததா, லாரி எந்தப் பக்கம் திரும்பி நின்றது என்று கேட்டார். அதனால் அவர் மேல் ஒரு கால்வாசி நம்பிக்கை. அதற்கு மேல் காலர்க்கா யாருக்கும் கொடுப்பதில்லை.

அந்த ஹாலில் அவள் வருஷா வருஷம் சொன்ன கதையில் “யாரோ காட்டிக் கொடுத்தாங்க” என்றுதான் வரும். யாரோ! சம்பளம் கொடுக்கிறவரின் பெயரை எப்படிச் சொல்வது? இந்த வருஷம் நிலைமை வேறு. வேலை போயிற்று, மகளும் கண்ணுக்கெட்டாத தூரத்தில் பத்திரமாக இருக்கிறாள். புதிதாக ஒரு விசாரணைக் கமிஷனும் உட்கார்ந்திருக்கிறது. நேரில் போய்ச் சொல்லலாம்தான். போய் வந்தவர்கள் வீட்டு ஜன்னல்கள் என்ன ஆயின என்று தெருவுக்கே தெரியும். இந்த முறை கேட்டதையெல்லாம் தானே கமிஷனிடம் கொண்டுபோய்க் கொடுப்பதாகப் பேராசிரியை சொன்னார். செத்துப்போவதற்குள் அந்தப் பெயர் போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். காலர்க்காவுக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

அவள் பேச மூன்று நாள் ஒதுக்கியிருந்தார்கள். முதல் நாளே சொல்லிவிட்டாள். முதலாளி என்று அல்ல, அவர் பெயரை அவருடைய அப்பா பெயரோடு சேர்த்துச் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மொழிபெயர்ப்பாளன் அதை மாணவர்களின் மொழியில் சொன்னான். நாற்பது வயது ஆள். வெறும் நாலு பேர் இருந்தாலும் மைக் இல்லாமல் பேச மாட்டான் என்பதால் அவனுக்கு மைக் தம்பி என்று பெயர். காலர்க்கா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். அந்த மொழி அவளுக்குத் தெரியாது, ஆனால் பெயர் எந்த மொழியிலும் பெயர்தானே? வீட்டுக்காரர் பெயர் வந்தது. தெருப் பெயர் வந்தது. அந்தப் பெயர் மட்டும் வரவில்லை. மாணவர்கள் எல்லா வருஷமும் போலத் தலையாட்டினார்கள்.

டீ குடிக்கும்போது அவனைப் பிடித்தாள். “தம்பி, அந்தப் பேரை நீ சொல்லலையே?”

“அக்கா, கோர்ட்டுல நிரூபணம் ஆகாத ஆளோட பேரைச் சொல்லக் கூடாது. அது அவங்க யுனிவர்சிட்டி விதி. ‘பக்கத்துல குடியிருந்த ஒருத்தர்’னு சொல்லிட்டேன். விஷயம் போயிடுச்சு, கவலைப்படாதீங்க.”

பதில் நன்றாகத்தான் இருந்தது. வேறொருத்தியாக இருந்தால் டீயைக் குடித்துவிட்டுப் போயிருப்பாள். காலர்க்காவுக்கு நன்றாக இருக்கிற பதில் என்றாலே ஆகாது.

மறுநாள் பொறி வைத்தாள். வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு போன இடத்துக்குக் கதை வந்தபோது, குரலை மாற்றாமல், முகத்தையும் மாற்றாமல் சொன்னாள்: “முன்வரிசைத் தாடித் தம்பி, உன் காலர் பட்டன் ஒத்தை நூல்ல தொங்குது. இப்ப விழப்போகுது, பிடிச்சுக்கோ.”

மைக் தம்பி உருக்கமாக முகத்தை வைத்துக்கொண்டு மொழிபெயர்த்தான். தாடிப் பையன் கை கழுத்துப் பக்கமே போகவில்லை. அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தான். உலகத்திலேயே பட்டன் அறுந்ததற்காக அழுத பிள்ளை அவனாகத்தான் இருக்கும். காலர்க்காவுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

கூட்டம் கலைந்ததும், நாற்காலி அடுக்கிவைக்கும் அறைக்குள் அவனைத் தள்ளிக்கொண்டு போனாள். “பட்டன் என்னடா ஆச்சு?”

“எந்தப் பட்டன்க்கா?”

சொன்னாள். அவன் முகம் வெளுத்தது. நாற்காலி அடுக்கின் மேல் சாய்ந்துகொண்டான்.

“மன்னிச்சுக்கங்கக்கா. உங்க கதை எனக்கு மனப்பாடம். ஆரம்பத்துல ஒவ்வொரு வார்த்தையா கேட்டுத்தான் சொன்னேன். வீட்டுக்குப் போனா சோறு இறங்காது. அப்புறம் காதை அடைச்சுக்கிட்டேன். நீங்க வாயைத் திறந்தா என் வாய் தானா ஓடும். இந்த வருஷம் நீங்க என்ன சொன்னீங்கன்னே எனக்குத் தெரியாது.”

காலர்க்காவுக்கு ஒரு நிமிஷம் மனசு இளகிவிட்டது. பாவம், இவனும் எத்தனை பேர் சாவைத்தான் வாயில் போட்டு மெல்லுவான்? தோளில் தட்டிக் கொடுக்கக் கையைக்கூடத் தூக்கிவிட்டாள். தூக்கிய கை நின்றது.

“என்ன சொன்னேன்னே தெரியாதா? அப்ப நேத்து டீ குடிக்கிறப்ப பேர் சொல்லக் கூடாதுன்னு எந்தப் பேருக்கு விதி சொன்ன? ஒரு சட்டைக்கு ரெண்டு காலர் வைக்கிறியே தம்பி!”

மைக் தம்பி வெளியே ஆள் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான். “இந்த ஹால் யாரோடதுக்கா?”

அவள் நாற்காலி முதுகில் எழுதியிருந்த ஜவுளிக்கடைப் பெயரைப் பார்த்தாள்.

“இந்தப் பிள்ளைங்க தங்கியிருக்கிற வீடு? வேன்? வேற யாரு இந்த விஷயத்துக்கு இடம் கொடுத்தா? அவர் ஏன் கொடுக்கிறார்னு நான் கேக்கல. கேட்டா கிடைக்காது. பேர் வெளிய வந்தா நாளைக்கே பூட்டுதான். உங்களுக்குப் பின்னால எத்தனை பேர் சொல்லக் காத்திருக்காங்க? உங்க ஒருத்தரோட ஒரு பேருக்காக அவங்க வாயையும் அடைக்கணுமா?”

வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். அவன் கேட்டது நியாயமான கேள்விதான். அதுதான் அவளை அறுத்தது. அந்த மனுஷர் எவ்வளவு சாமர்த்தியமாக வேலை செய்திருக்கிறார்! வாயை மூடவைக்க ஆள் அனுப்பவில்லை. பேசுவதற்கு ஹால் கட்டிக் கொடுத்திருக்கிறார், மைக்கும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். தன்னுடைய பெயரைத் தவிர எதை வேண்டுமானாலும் பேசிக்கொள்ளுங்கள் என்று! பயமும் வந்தது. பேராசிரியைக்கும் இதெல்லாம் தெரிந்திருக்குமோ? தெரிந்துதான் விளக்கையும் லாரியையும் கேட்டாரோ? அவரிடம் கேட்கலாமென்றால் அதற்கும் மைக் தம்பி வேண்டும். வேறு யாருக்கு அந்த மொழி தெரியும்? மருந்துக்கடைக்காரருக்குத் தெரியும், கடை இருப்பது முதலாளி கட்டிடத்தில். வாத்தியாருக்குத் தெரியும், பள்ளிக்கூடத்தின் தலைவரே முதலாளி. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் வாசலில்தான் போய் முட்ட வேண்டியிருந்தது. மனுஷர் ஊரையே அளவெடுத்துத் தைத்து வைத்திருக்கிறார்.

பின்னால் காத்திருக்கிறவர்களை நினைத்துப் பார்த்தாள். அவர்களும் “யாரோ” என்றுதான் சொல்லப்போகிறார்கள். யாரோ கூப்பிட்டார்கள், யாரோ காட்டினார்கள், யாரோ வெட்டினார்கள். ஊரே யாரோவால் செத்தது என்று கமிஷன் எழுதிவைக்கும். அதற்கு ஹால் எதற்கு?

மிச்சம் இருந்தது கடைசி நாள் ஒன்றுதான். தொழில் புத்தி அவளுக்குக் கைகொடுத்தது. துணி நீளமாக இருந்தால்தான் வேண்டாததை மடித்து உள்ளே வைத்துத் தைக்க முடியும். கை அகலத் துணியில் எதை மடிப்பது?

கடைசி நாள் ஹாலுக்கு வெளியே பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே பேராசிரியை பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு, ஆரம்பிக்கலாம் என்று கையைக் காட்டினார். காலர்க்கா ஒரே ஒரு வரி சொன்னாள்: இன்னாருடைய மகன் இன்னார், டார்ச் அடித்து என் வீட்டைக் காட்டிக் கொடுத்தார். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

மைக் தம்பி அவளைப் பார்த்தான். மேலே ஏதாவது வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. வேறு வழியில்லாமல் அரைத்த மாவையே அரைக்க ஆரம்பித்தான். தெரு வந்தது, லாரி வந்தது, லைன்மேன் வந்தார். போய்க்கொண்டே இருந்தது. தாடிப் பையன் காலர்க்காவைப் பார்த்தான், மைக் தம்பியைப் பார்த்தான், மறுபடி காலர்க்காவைப் பார்த்தான். பின்வரிசையில் ஒரு பெண் பக்கத்துப் பெண்ணிடம் ஏதோ முணுமுணுத்தாள். கிழவி மூச்சுவிடும் நேரத்தில் சொன்னதற்கு இவன் பாரதம் படித்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் தெரியாது?

பேராசிரியை பேனாவைக் கீழே வைத்தார். அவனிடம் ஏதோ கேட்டார். அவன் பேச்சு நின்றது. அவர் காலர்க்காவின் பக்கம் திரும்பி, மறுபடி சொல்லுங்கள் என்பதுபோல் கையை நீட்டினார். அவள் அதே வரியை, ஒரு சொல் கூடாமல் குறையாமல் மறுபடி சொன்னாள்.

மைக் தம்பி தண்ணீர் குடித்தான். மைக்கை அணைத்து மேஜைமேல் வைத்தான். பிறகு வெறும் குரலில் சின்னதாக ஒன்று சொன்னான். அதற்குள் அந்தப் பெயர் இருந்தது. ஊரில் எல்லோரும் குனிந்துகொண்டு சொல்கிற பெயர், அவன் வாயில் மரியாதை எதுவும் ஒட்டாமல் வந்தது. வீட்டுக்காரர் போன அன்றைக்கு வராத அழுகை இப்போது வந்துவிடுமோ என்று காலர்க்கா பயந்தாள்.

பேராசிரியை ஒன்று கேட்டார். மைக் தம்பி திரும்பினான். “அவர் உயிரோட இருக்காரான்னு கேக்கறாங்கக்கா.”

“இருக்காரு. இன்னைக்குச் சாயங்காலம் இந்தப் பந்தல்ல நின்னு இவங்களுக்கெல்லாம் சர்டிபிகேட் கொடுக்கப்போறதே அவர்தான். மென்னு முழுங்காம சொல்லு.”

அவன் சொன்னான். முழுங்காமல்தான் சொன்னான், முன்வரிசையில் எல்லார் பேனாவும் நின்றுபோனதைப் பார்த்து அவளுக்குத் தெரிந்தது. பேராசிரியை எழுந்து போய், பந்தல்காரர்கள் பார்க்கும்படி திறந்திருந்த கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். யாருக்காகச் சாத்துகிறார் என்று காலர்க்காவுக்கு உடனே சந்தேகம் வந்தது. அவர் திரும்பி வந்து நாற்காலியை அவளுக்கு நேரே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மெதுவாகப் பேசினார்.

“முதல்லேருந்து சொல்லச் சொல்றாங்க,” என்றான் மைக் தம்பி. “நானும் கேக்கறேன்க்கா.”

காலர்க்கா பேராசிரியையின் கண்ணையும் அவன் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஒவ்வொரு வரியாத்தான் சொல்லுவேன்,” என்றாள்.