இடப்பக்கமாகவே ஒரு சுற்று

வண்டலூர் சந்திப்புக்கு இருநூறு அடி முன்னாலேயே பாயின் இடது கை நீண்டுவிடும். பின்னால் வருகிற லாரிக்காரர் பார்த்தாரோ இல்லையோ, விரல்கள் ஒட்டி, முழங்கை மடங்காமல், திரும்பி முடிக்கிறவரை அந்தக் கை அப்படியே இருக்கும். ஆறு வருடம் ஞாயிறுதோறும் அவர் பின்னால் சைக்கிள் மிதித்தவன் நான். அவருடைய வலது கை ஒரு நாளும் நீண்டதில்லை.

பாய் கிழக்குத் தாம்பரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். நான் முடிச்சூர்க்காரன், ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. மனைவி போன பிறகு வீட்டில் பேச ஆளில்லாமல் சைக்கிளைப் பிடித்துக்கொண்டவன். லென்ஸ் மாற்றப் போன அன்று வாசலில் நின்ற என் வண்டியை எட்டிப் பார்த்தவர், "டயர்ல காத்து கம்மியா கீது சார், கண்ண அப்பால பாத்துக்கலாம்" என்றார். அன்றைக்கு ஒட்டிக்கொண்டோம்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பாதை ஒன்றே ஒன்றுதான். தாம்பரத்திலிருந்து தெற்கே போய் வண்டலூரில் இடது, கேளம்பாக்கத்தில் இடது, நாவலூரைத் தாண்டி சோழிங்கநல்லூரில் இடது, மேடவாக்கத்தில் இடது. சுற்றிக்கொண்டு வந்தால் தாம்பரம். வலதுபக்கம் திரும்புகிற வேலையே கிடையாது. டீக்கடை சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தால் இறங்கி, தள்ளிக்கொண்டுதான் கடப்பார். "ஏன் பாய் இப்படி?" என்று நான் பல தடவை கேட்டதுண்டு. ஒரே ஒரு தடவை பதில் சொன்னார். அவருடைய தம்பி ஜி.எஸ்.டி. சாலையில் வலதுபக்கம் திரும்புவதற்காக நடுவில் காத்திருந்தவன். "நின்னுகினு இருந்தான் சார். நின்னுகினே போய்ட்டான்." 

இத்தாலியில் சைக்கிள் ஓட்டும் ஆசை எப்படி வந்தது என்றால், கடையில் ஆள் வராத ஒரு மத்தியானத்தில் கைப்பேசியில் யாரோ சைக்கிள் ஓட்டிப் படம் பிடித்ததைப் பார்த்திருக்கிறார். குன்றுக்கு மேல் குன்று, ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு குட்டி ஊர், நடுவே வெள்ளை மண் பாதை. "ஊட்டிக்குப் போகலாமே பாய்" என்றேன். "ஊட்டில பஸ் கீதே சார். இங்க பாரு, ஒரு ஈ காக்கா இல்ல!" அன்று தொடங்கியது. இரண்டு வருடம் அந்த மலைநாட்டில் ஒரு சுற்றுப்பாதை போட்டோம். கண் பரிசோதனைச் சீட்டுகளின் பின்பக்கத்தில் பாய் வரைவார், நான் தூரம் கூட்டுவேன். நூற்று முப்பது கிலோமீட்டர், ஒரே நாள். ஏற்றத்தை மீட்டரில் சொன்னால் அவருக்கு மனதில் ஏறாது. தாம்பரம் மேம்பாலம்தான் அளவு. "இந்த ஊருக்கு ஏறுறது நாப்பது பாலம் சார்." மொத்தம் முந்நூறு பாலம் வந்தது. அதற்காக மேம்பாலத்தில் விடிகாலையில் ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் பழகினோம். வாக்கிங் போகிற ஒரு பெரியவர் நின்று பார்த்துவிட்டு, "இன்னாப்பா, எதாச்சும் தொலச்சிட்டீங்களா?" என்று கேட்டார். பாய் மூச்சு வாங்கிக்கொண்டே, "தேடிக்கினு கீறோம் பெரியவரே" என்றார்.

சுற்றை எந்தப் பக்கமாகப் போடுவது என்ற பேச்சே எழவில்லை. இடப்பக்கமாகத்தான். எல்லாத் திருப்பமும் இடது வரும்படி, பெரிய ஏற்றம் காலையிலேயே முடியும்படி, ஒரு சந்துகூட வலதில் திரும்பாதபடி இழைத்து இழைத்துப் போட்டார். அத்தனை பத்திரமான பாதையை நான் பார்த்ததில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை நான் மட்டும் கணினியில் அந்தப் பாதையின் படங்களை நகர்த்திக்கொண்டிருந்தேன். கோடு போடாத ஒற்றைப் பாதைகளாகவே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஒரு நாற்சந்தியில் எதிரும் புதிருமாக இரண்டு கார்கள் தென்பட்டன. இரண்டும் சாலையின் வலது ஓரமாகப் போய்க்கொண்டிருந்தன. அந்த நாட்டில் வண்டிகள் வலப்பக்கம் போகும் என்பது எங்களுக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் இரண்டு வருடமாக இரண்டு பேருக்கும் அது உறைக்கவில்லை. அங்கே இடது திரும்பினால்தான் எதிர்வண்டியைக் கடக்க வேண்டும். நடுச்சாலையில் நின்று காத்திருக்க வேண்டும்.

எனக்கு நாக்கு நிற்காது. ஞாயிறன்று கேளம்பாக்கம் டீக்கடையில், நாலு பேர் இருக்கும்போது, பெரிய வேடிக்கை போல அதைச் சொன்னேன். "பாய், ரெண்டு வருஷமா எல்லாத்தையும் தலைகீழாப் போட்டு வச்சிருக்கோம்! அங்க ரைட்டுல திரும்புறதுதான் சேஃப்டி." டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் சிரித்தார். "அப்போ பாய் ஊரெல்லாம் ரைட்டாத்தான் சுத்தணுமா? போச்சுடா!" பாய் சிரிக்கவில்லை. கிளாசை வைத்துவிட்டு, தன் வலது கையை ஒரு தடவை பார்த்தார். "நாள் பூரா ரைட்டா சார்?" என்று மெதுவாகக் கேட்டார். நான் அப்போதும் விடாமல், சுற்றைத் திருப்பிப் போட்டால் சரியாகிவிடும் என்று விளக்கிக்கொண்டே இருந்தேன்.

அடுத்த ஞாயிறு முட்டி வலி என்றார். அதற்கடுத்தது கடையில் சரக்கு வருகிறது. பிறகு காரணம் சொல்வதும் நின்றது. கடையை அண்ணன் மகனிடம் விட்டுவிட்டு நாவலூரில் மகளுடைய அடுக்குமாடி வீட்டுக்குப் போய்விட்டார் என்பது கண்ணாடி துடைக்கப் போனபோதுதான் எனக்குத் தெரிந்தது. கோபம் ஒன்றும் இல்லை, போன் செய்தால் எடுப்பார், நலம் விசாரிப்பார். இரண்டு நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிடும்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். இல்லாவிட்டால் கடையில் தனியாக உட்கார வைத்து, அந்த இரண்டு கார்களை மட்டும் காட்டியிருக்கலாம். அவருக்கு அது பாதை இல்லை, தம்பிக்குச் செய்து கொடுக்க முடியாமல் போன ஒன்று என்பது எனக்கு இப்போது தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை அதே பாதையில்தான் போகிறேன். நாவலூரில் அவர் இருக்கிற கட்டடம் இடப்பக்கமே வருகிறது. எத்தனையாவது மாடி என்று கேட்டுக்கொள்ளவில்லை. எல்லா பால்கனியிலும் துணி காய்கிறது.

போன மாதம் இத்தாலிக்கு டிக்கெட் எடுத்தேன், ஒருவருக்கு. அவருக்குச் செய்தி அனுப்பினேன். மூன்று நாள் பதில் இல்லை. நான்காம் நாள் காலையில் பதினொரு படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. கண் பரிசோதனைச் சீட்டுகளின் பின்பக்கம். முழுச் சுற்றையும் திருப்பிப் போட்டிருந்தார். பாலக் கணக்கு புதிதாக எழுதப்பட்டிருந்தது. காலை ஏற்றத்தை அடுத்து வந்த பெரிய இறக்கம் இப்போது கடைசி ஏற்றமாகியிருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் அவருடைய கையெழுத்தில் 'ரைட்டு', 'ரைட்டு', 'ரைட்டு'. பத்தொன்பது தடவை எழுதியிருந்தார்.

கடைசிச் சீட்டின் அடியில் ஒரு வரி: "இந்த ஏத்தத்துல பேசிக்கினே போகாத சார், மூச்சு வாங்கும்."

யாரோடு பேசப் போகிறேன் பாய் என்று அடித்தேன். அடித்ததை அழித்துவிட்டு, 'சரி பாய்' என்று மட்டும் அனுப்பினேன்.